கொழுந்து எப்போது தேயிலையாகிறது?

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வருகிற ஏ4 வீதி பெரகல சந்தியில் இரண்டாகப் பிரியும். ஒன்று கீழே கொஸ்லந்தை, வெல்லவாய பக்கம் இறங்கும். மற்றது ஏ16, ஹப்புத்தளை, பண்டாரவளை பக்கம் ஏறும். அந்த ஏற்றத்தில் போகிற பஸ்ஸில் யன்னல் சீட் கிடைத்தவர்களுக்கு ஒரு வாசம் பழக்கமாக இருக்கும். முதலில் வெட்டின புல் மாதிரி. கொஞ்ச நேரத்தில் பழுத்த பழம் மாதிரி. அப்புறம் ரொட்டி சுட்ட மாதிரி. ஸ்டோர் ஓடுது என்று அர்த்தம். (எங்கள் பக்கம் 'ஸ்டோர்' என்றால் கடை இல்லை, தேயிலைத் தொழிற்சாலை. கோப்பிக் காலத்துச் சொல், இன்னும் வாயை விட்டுப் போகவில்லை.)

அந்த மூன்று வாசத்துக்குப் பின்னால் நடப்பதில் எது பௌதிக மாற்றம், எது இரசாயன மாற்றம்?

ஸ்கூலில் இந்தக் கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. அந்தப் பாடம் இருந்தது. சேர் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திக் காட்டினார். ஒரு தாளைக் கிழித்தார், கிழித்ததை எரித்தார். ஐஸ்கட்டி உருகுவதைப் படத்தில் பார்த்தோம். "மீள முடிந்தால் பௌதிக மாற்றம், மீள முடியாவிட்டால் இரசாயன மாற்றம்" என்று கொப்பியில் எழுதி, சிவப்புப் பேனையால் கோடு போட்டோம். சோதனைக்கு வந்தது, புள்ளியும் கிடைத்தது. வகுப்பு யன்னலைத் திறந்தால் ஸ்டோர் கூரை தெரியும். பாதிப் பேருடைய அம்மா அப்போது மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாங்க. மெழுகுதிரியிலிருந்து அந்தக் கூரை வரைக்கும் ஒரு வசனம்கூடப் போகவில்லை.

நான் கலைப்பீடம். எங்கள் ஸ்கூலில் ஓஎல்லுக்குப் பிறகு விஞ்ஞானப் பிரிவு இல்லை. விஞ்ஞானம் வேணும் என்றால் டவுனுக்குப் போகணும், அதற்கு வீட்டில் வசதி இல்லை. அதனால் இதை இரசாயனக் கட்டுரையாக எடுக்க வேண்டாம். ஒரு பாடம் ஏன் ஒரு இடத்துக்குள் நுழையவே இல்லை என்பதற்கான வரலாறு என்று எடுத்துக்கொள்ளுங்க. ஆனால் அந்த வரலாறு விளங்க, கொஞ்சம் இரசாயனமும் விளங்கணும்.

மெழுகுதிரி எங்கிருந்து வந்தது?

வகுப்பறைக்குள் மெழுகுதிரியைப் பிரபலமாக்கியவர் மைக்கல் பரடே. இலண்டனில் ஒரு கொல்லனின் மகன். புத்தகம் கட்டுகிற கடையில் வேலை பழகப் போய், கட்டக் கொடுத்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானத்துக்குள் வந்தவர். 1860 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1861 தொடக்கம் வரை, றோயல் இன்ஸ்டிடியூஷனில் பிள்ளைகளுக்காக 6 விரிவுரைகள் நிகழ்த்தினார். தலைப்பு, ஒரு மெழுகுதிரியின் இரசாயன வரலாறு. மெழுகு உருகுவது, திரியில் ஏறுவது, ஆவியாவது, எரிவது, எரிந்தபின் தண்ணீரும் காபனீரொட்சைட்டும் உண்டாவது என்று ஒரே பொருளை வைத்தே முழு இரசாயனத்தையும் சொல்லிப்போனார்.

அவர் மெழுகுதிரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ரொம்ப எளிது. அந்தக் காலத்து இலண்டனில் அது எல்லார் வீட்டிலும் இருந்தது. முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை தினமும் கையில் எடுக்கிற பொருளிலிருந்து தொடங்கணும் என்பதுதான் பரடேயின் முறை. 150 வருஷத்துக்குப் பிறகு ஊவா மலைக்கு அந்த மெழுகுதிரி வந்து சேர்ந்தது. முறை வந்து சேரவில்லை. வந்திருந்தால் சேர் கையில் மெழுகுதிரிக்குப் பதிலாக ஒரு கொழுந்து இருந்திருக்கும்.

ஒரே தீவு, இரண்டு மேசைகள்

1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அவருக்கு ஸ்டோர் கிடையாது. பங்களா வராந்தாவே ஸ்டோர். கொழுந்தை மேசையில் போட்டுக் கையால் உருட்டினார்கள், களிமண் அடுப்பில் கரி போட்டுக் காயவைத்தார்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்து, அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் கோப்பி படுத்துவிட்டது. மலைகள் தேயிலைக்கு மாறின. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து ஹப்புத்தளைப் பக்கத் தோட்டங்களை வாங்கினார். தம்பேதென்ன ஸ்டோர் அப்போது எழுந்ததுதான்.

இதே காலத்தில் இதே தீவின் வடக்கில் வேறொரு மேசையில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டொக்டர் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பிக்கலாம் என்று நம்பி, மானிப்பாயில் அதைச் செய்தும் காட்டினார். அவருடைய முயற்சியில் வந்த தமிழ் நூல்களில் ஒன்றின் பெயர் 'கெமிஸ்தம்'. 1875இல் வெளியான தமிழ் இரசாயன நூல்.

இந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. இலங்கையில் தேயிலை தொடங்கி எட்டு வருஷத்துக்குள் தமிழில் இரசாயன நூல் வந்துவிட்டது. 'தமிழில் சொல் இல்லை, அதனால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை' என்ற சாக்கு மலையகத்துக்குப் பொருந்தாது. சொல் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காடு தாண்டி நடந்து வந்து கொழுந்தை உருட்டினவர்கள் பேசினதும் அதே தமிழ்தான். அந்தப் புத்தகத்துக்கும் இந்த மேசைக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்திருக்க வேண்டும். அதுதான் இல்லை.

ஸ்டோருக்குள் ஒரு கொழுந்தின் நாள்

இப்போது ஸ்டோருக்குள் போவோம்.

*வாட்டுவது.* மலையிலிருந்து வந்த கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். அதைப் பரப்பி, காற்று ஓடவிட்டு, ராத்திரி முழுக்க வாட விடுவார்கள். பழைய ஸ்டோர்களில் மூன்று, நான்கு மாடியும் வரிசை வரிசையாக யன்னலும் இருப்பது அழகுக்கு இல்லை, இந்த வாட்டத்துக்குத்தான். தண்ணீர் ஆவியாகப் போகிறது. தண்ணீர் தண்ணீராகவே போகிறது, அதனால் இது பௌதிக மாற்றம்.

ஒரு சின்னக் கணக்கு. 100 கிலோ கொழுந்தில் 77 கிலோ தண்ணீர் என்றால், மிச்சம் 23 கிலோதான் உலர்ந்த பொருள். வாடின கொழுந்தில் 55 சதவீதம் தண்ணீர் என்றால் மொத்த நிறை சுமார் 51 கிலோ. கடைசியில் 3 சதவீதத் தண்ணீரோடு வெளியே வருகிற தேயிலை கிட்டத்தட்ட 24 கிலோ. ஒரு கிலோ தேயிலைக்கு நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து எடுக்கணும் என்று அம்மாமார் சொல்வது இதுதான். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது 'ஈரத்துக்கு' என்று சொல்லிக் கிலோ கழிப்பார்களே, அந்தச் சண்டையும் இந்தத் தண்ணீரைப் பற்றியதுதான். பௌதிக மாற்றம் என்பது எங்கள் பக்கத்தில் சம்பளத்தைத் தொடுகிற விஷயம்.

ஆனால் வாட்டத்தில் இன்னொன்றும் நடக்கிறது. பறித்த பிறகும் இலை உடனே சாவதில்லை. உள்ளே புரதம் உடைந்து அமினோ அமிலமாகிறது, கலச்சுவர் தளர்கிறது, வாசம் தரும் பொருள்கள் உண்டாகின்றன. அதனால் தேயிலை விஞ்ஞானிகள் வாட்டத்தையே இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று பௌதிக வாட்டம், மற்றது இரசாயன வாட்டம். நாங்கள் மெழுகுதிரியை வைத்து மனப்பாடம் செய்த அதே இரண்டு சொற்கள், யன்னலுக்கு அந்தப் பக்கம் வேலைச் சொல்லாகவே புழங்கிக்கொண்டிருந்தன. இதை முதல் தடவை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

*உருட்டுவது.* வாடின கொழுந்து ரோலருக்குப் போகும். அங்கே முறுக்கி, நசுக்கி, கிழிக்கும். கிழிப்பது, நசுக்குவது எல்லாம் பௌதிக மாற்றம் என்று கொப்பி சொல்லும், சரிதான். ஆனால் எங்கள் விதி இங்கேதான் முதலில் இடறுகிறது. நசுங்கின கொழுந்தை முழுக் கொழுந்தாக ஆக்கிக் காட்டுங்க பார்ப்போம்! மீள முடியாது. ஆனாலும் அது பௌதிக மாற்றமே.

நசுக்கின அதே கணத்தில் வேறொன்றும் தொடங்குகிறது. முழு இலைக்குள் கட்டேக்கின் என்ற பொலிபீனோல்கள் ஒரு அறையில் இருக்கும். அவற்றை மாற்றக்கூடிய நொதியம் வேறு அறையில் இருக்கும். நடுவில் சுவர். ரோலர் அந்தச் சுவரை உடைக்கிறது. இரண்டும் சந்திக்கின்றன, காற்றிலுள்ள ஒட்சிசனும் சேருகிறது. பஸ்ஸில் முதலில் வருகிற அந்த வெட்டின புல் வாசமும் இப்படிப்பட்டதுதான். அது இலைக்குள் ஏற்கெனவே அடைத்து வைத்திருந்த வாசம் இல்லை. இலை கிழிந்தவுடன் அதன் கொழுப்பமிலங்களை நொதியங்கள் உடைப்பதால் புதிதாக உண்டாகிற வாசம்.

*நிறம் மாற விடுவது.* உருட்டினதைச் சலித்து, குளிர்ந்த ஈரமான அறையில் மெல்லிய படையாகப் பரப்புவார்கள். பச்சை மெல்ல மெல்ல செம்பு நிறமாகும். புல் வாசம் போய்ப் பழ வாசம் வரும். கை வைத்தால் இளஞ்சூடு தெரியும், ஏனென்றால் ஒட்சியேற்றம் வெப்பத்தை வெளியே விடுகிறது. நிறம், மணம், வெப்பம் என்று பாடப்புத்தகம் சொல்கிற அடையாளங்கள் எல்லாம் ஒரே தட்டில். கட்டேக்கின்கள் இணைந்து மஞ்சளும் செம்மஞ்சளுமான தியாபிளேவின்களாகவும், சிவப்பும் கபிலமுமான தியாருபிஜின்களாகவும் மாறுகின்றன. தேத்தண்ணியின் பளபளப்பு முந்தினதிலிருந்து வருகிறது, அடர்த்தி பிந்தினதிலிருந்து. மலையில் இருந்த கொழுந்தில் இவை கிட்டத்தட்ட இல்லை. புதுப் பொருள்.

எங்கள் தாத்தா இந்த அறையில்தான் வேலை செய்தார். எப்போது எடுக்கணும் என்று எப்படித் தெரியும் என்று ஒருதடவை கேட்டேன்.

"டீமேக்கர் ஐயா வந்து பாப்பாரு. ஆனா அவரு வர்றதுக்கு முன்னாடியே நமக்குத் தெரியும் புள்ள. பச்ச வாட போயிருக்கணும். புளிப்பு வாட வந்துறக் கூடாது. அந்த ரெண்டுக்கும் நடுவுல."

"அது ஏன் தாத்தா நிறம் மாறுது?"

"காத்து படுதுல்ல."

ஒட்சிசன் என்ற சொல் தாத்தாவுக்குத் தெரியாது. விடை சரி.

*சுடுவது.* 90 பாகை செல்சியசையோ அதற்கு மேலோ தொடுகிற சூடான காற்று. இங்கே ஒரே நேரத்தில் இரண்டு வேலை. மிச்சத் தண்ணீர் ஆவியாகிறது, அது பௌதிகம். நொதியம் சூட்டில் உருக்குலைந்து வேலையை நிறுத்துகிறது, பச்சையமும் வேறு பொருளாக மாறி இலை கறுக்கிறது, அது இரசாயனம். ரொட்டி சுட்ட வாசம் இங்கேதான். பிறகு சல்லடையில் பெரிசு சிறிசாகப் பிரிப்பது மறுபடி முழுக்கப் பௌதிகம். பீஓபீ, பெக்கோ, டஸ்ட் என்பதெல்லாம் துணுக்கின் அளவுக்கு வைத்த பெயர்கள்.

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப் பெயர் உண்டு. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை எங்கள் மலைச்சரிவில் உலர்ந்த காற்று அடிக்கிறபோது, கொழுந்து தவித்துப்போய் வாசப் பொருள்களைக் கூடுதலாக உண்டாக்குகிறது. அதில் முக்கியமானது மெதைல் சலிசிலேற்று, உளுக்குக்குப் பூசுகிற தைலத்தின் வாசம். முகத்தில் அறைகிற அந்தக் காற்று கொழுந்துக்குள் இரசாயனமாக மாறி, ஏலத்தில் விலையாகிறது.

பெயர் பிழைத்த கதை

அந்தச் செம்பு நிற அறைக்கு ஆங்கிலத்தில் 'ஃபெர்மென்டிங் ரூம்' என்று பெயர். தமிழில் நொதிக்க விடும் அறை. ஆனால் அங்கே உண்மையில் நொதித்தல் நடப்பதில்லை. அப்ப மாவு புளிப்பதும் கள்ளு பொங்குவதும் நொதித்தல், அங்கே மதுவம் என்ற நுண்ணங்கி வேலை செய்கிறது. தேயிலையில் நுண்ணங்கி வேலை செய்தால் அது கெட்டுப்போன தேயிலை. தாத்தா பயந்த புளிப்பு வாடை அதுதான்.

பெயர் ஏன் பிழைத்தது? 19ஆம் நூற்றாண்டில் பாஸ்டரின் வேலைக்குப் பிறகு, இப்படிப்பட்ட மாற்றம் எங்கே தெரிந்தாலும் பின்னால் ஒரு உயிருள்ள நுண்ணங்கியைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. 1893இல் தேயிலையின் இரசாயனத்தையும் பயிர்ச்செய்கையையும் பற்றி ஒரு முழுப் பாடநூல் எழுதிய கெல்வே பாம்பர், பிறகு இலங்கையிலேயே அரசாங்க இரசாயனவியலாளராக வேலை செய்தார். துரைமாருக்கு இரசாயனம் தேவைப்பட்டது, அதற்குப் புத்தகமும் ஆளும் கிடைத்தார்கள்.

1897இல் ஜெர்மனியில் எடுவர்ட் புக்னர், மதுவக் கலங்களை அரைத்துப் பிழிந்து, உயிருள்ள கலமே இல்லாத சாற்றினால் சீனியை நொதிக்க வைத்துக் காட்டினார். உயிர் வேண்டியதில்லை, உயிர் உண்டாக்கின ஒரு பொருள் போதும். அந்தப் பொருள்தான் நொதியம். அடுத்த சில வருஷங்களுக்குள், 1901இல், ஜப்பானில் அசோவும் இந்தியாவில் ஹரோல்ட் மானும் தேயிலை கறுப்பதும் இலையின் சொந்த நொதியத்தால்தான் என்று எழுதினார்கள். தியாபிளேவின்களைப் பிரித்தெடுத்து அடையாளம் காணும் வேலையை 1950களில் ராபர்ட்ஸ் முன்னெடுத்தார். இங்கே 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவானது, அது இன்றைக்கும் தலவாக்கலையில் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் அறையின் பெயர் மாறவில்லை.

தமிழில் இந்தக் குழப்பம் இன்னும் அழகாகச் சிக்கியிருக்கிறது. நொதித்தல், நொதியம் இரண்டும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. அதனால் 'தேயிலையில் நொதியம் உண்டு, நொதித்தல் இல்லை' என்று சொன்னால் நண்பர்கள் முறைக்கிறார்கள். சரியான சொல் ஒட்சியேற்றம்.

1907

புக்னருக்கு 1907இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே 1907இல் இலங்கையில் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டத்தில் இருக்கிற தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கவும், அதற்கு ஒரு பொருத்தமான அறை ஒதுக்கவும் தோட்டத் துரைக்குக் கடமை உண்டு என்று சட்டம் முதல் தடவையாகச் சொன்னது. எந்த வயது? 6 முதல் 10.

அதற்கு முன்னால் எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் சில இடங்களில் ஸ்கூல் நடத்தியது. கங்காணிமார் ஆள் வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்த இடங்களும் இருந்தன. ஆனால் சட்டம் வந்தபோது அது பள்ளிக்கூடத்தைத் துரையின் கையிலேயே கொடுத்தது. பிள்ளை படிக்கிற அறையை ஒதுக்குவதும் கொழுந்துக்கு ஆள் பிரிப்பதும் ஒரே ஆளின் பொறுப்பு. பத்து வயதைத் தாண்டிய பிள்ளை அந்த ஆளுக்கு மாணவர் இல்லை, மலைக்கு ஒரு கூடை. எழுத்து, வாசிப்பு, கணக்குக்கு மேல் அந்த அறையில் எதுவும் நடக்கணும் என்று யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1920இல் கல்விக் கட்டளைச் சட்டம் வந்தது. 1945இல் கன்னங்கராவின் காலத்தில் இலவசக் கல்வி வந்தது. ஊரில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. தோட்டப் பாடசாலைகள் அந்த ஓட்டத்துக்கு வெளியே நின்றன. 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1960, 61இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பெடுத்தபோதும் தோட்டப் பாடசாலைகள் சேரவில்லை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1977இலிருந்துதான் அந்தப் பாடசாலைகள் ஒவ்வொன்றாகத் தேசிய முறைக்குள் வந்தன. அவற்றில் நிறைய, ஒரு அறையில் ஒரே வாத்தியார் ஐந்து வகுப்பையும் பார்த்த ஸ்கூல்கள். 80களில் சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழுந்தன. 90களில் ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்து, மலையகப் பிள்ளைகளே ஆசிரியர்களாக வெளியே வரத் தொடங்கினார்கள்.

1907இலிருந்து 1977 வரை 70 வருஷம். அந்த 70 வருஷத்தில் தேயிலையின் இரசாயனம் ஆய்வுகூடத்தில் வளர்ந்துகொண்டே போனது. அந்த இரசாயனத்தைத் தினமும் கையால் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு அதன் பெயர்கூடப் போய்ச் சேரவில்லை. துரையிடம் புத்தகம் இருந்தது, தாத்தாவிடம் மூக்கு இருந்தது, என்னிடம் கொப்பி இருந்தது. மூன்றும் ஒரே தோட்டத்துக்குள் இருந்தும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

பாடசாலை அரசாங்கத்திடம் வந்தபிறகும் இந்தப் பழக்கம் முழுசாக உடையவில்லை. பாடப்புத்தகம் நாடு முழுக்க ஒன்று. அதில் இருக்கிற மெழுகுதிரியைக் கொளுத்தினால் பாடம் முடிந்துவிடும். சேரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு ஆய்வுகூடம் கிடையாது, அவர் படித்த ஸ்கூலிலும் இருந்திருக்காது. அது போக, எங்கள் வீடுகளிலும் ஒரு எண்ணம் உண்டு. 'படிச்சாத்தான் இந்தத் தேயிலையிலிருந்து தப்பலாம்' என்று சொல்லித்தான் ஸ்கூலுக்கு அனுப்புறாங்க. தப்பிக்க வேண்டிய பொருளை யார் பாடமாக எடுத்து மேசையில் வைப்பார்கள்? அந்த எண்ணம் பிழை இல்லை. ஆனால் தேயிலையிலிருந்து போவது வேறு, தேயிலையைத் தெரியாமல் போவது வேறு.

நாலு தட்டு

விதிக்குத் திரும்புவோம். 'மீள முடியுமா?' என்ற கேள்வி நசுங்கின கொழுந்தில் இடறியதைப் பார்த்தோம். எதிர்ப்பக்கமும் இடறும். ஒரு கிளாஸ் சாயத்தண்ணியில் தேசிக்காய்ப் புளி விடுங்க. நிறம் வெளுக்கும். வெறும் தண்ணீர் விட்டு வெளுக்கிறது மாதிரி இல்லை, ரெண்டு சொட்டிலேயே வெளுக்கும். தியாருபிஜின்கள் அமிலத்தில் வேறு வடிவம் எடுப்பதால் வருகிற மாற்றம், இரசாயன மாற்றம். இப்போது அதில் கொஞ்சம் அப்பச்சோடா போடுங்க. நுரைத்துக்கொண்டு நிறம் மறுபடி கறுக்கும். ஆகவே, மீளக்கூடிய இரசாயன மாற்றமும் உண்டு.

கேட்க வேண்டிய கேள்வி, புதுப் பொருள் உண்டாச்சா என்பதுதான். நிறமும் மணமும் சூடும் நுரையும் தடயங்கள். ஒவ்வொன்றும் தனியாக ஏமாற்றும், சேர்ந்து வந்தால் பெரும்பாலும் உண்மை சொல்லும்.

அதை வகுப்பில் காட்ட ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு பிடி கொழுந்தும் நாலு தட்டும் போதும்.

முதல் தட்டில் முழுக் கொழுந்து, அப்படியே. இரண்டாவதில் உள்ளங்கையில் வைத்துச் சாறு வரும்வரை கசக்கின கொழுந்து. மூன்றாவதில் ரெண்டு நிமிஷம் ஆவியில் அவித்து, ஆறவிட்டு, அப்புறம் கசக்கின கொழுந்து. நாலாவதில் கசக்கினதும் பொலித்தீன் பைக்குள் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, இறுக்கிக் கட்டின கொழுந்து.

ரெண்டு பாட நேரம் கழித்துப் பாருங்க. முதலாவது வாடியிருக்கும், ஆனால் பச்சை. இரண்டாவது செம்பு நிறத்துக்குப் போயிருக்கும், மோந்து பார்த்தால் புல் வாசம் குறைந்திருக்கும். மூன்றாவது அவ்வளவு கசக்கியும் பச்சையாகவே கிடக்கும், ஏனென்றால் ஆவியில் நொதியம் போய்விட்டது. (கிறீன் டீ செய்வதும் இப்படித்தான்.) நாலாவது மாறும், ஆனால் மெதுவாகத்தான். அறை உடையணும், நொதியம் இருக்கணும், காற்று படணும் என்ற மூன்று நிபந்தனையும் நாலு தட்டில் தெரிந்துவிடும். 1901இல் விஞ்ஞானிகள் எழுதிய முடிவின் சாரத்தை ஒரு தரம் எட்டுப் பிள்ளை தன் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம்.

தேயிலை இல்லாத ஊரில் இருப்பவர்கள் கத்தரிக்காயை வெட்டி வையுங்க. கறுக்கிறதும் இதே வகை நொதியத்தால்தான். அம்மா வெட்டின உடனே தண்ணீரில் போடுவது ஏன் என்று இப்போது விளங்கும்.

போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது இந்த நாலு தட்டையும் குசினி மேசையில் வைத்தேன். தாத்தா கண் சரியாகத் தெரியாதவர். ஒவ்வொரு தட்டாக எடுத்து மோந்து பார்த்தார். மூன்றாவதை எடுத்ததும் நிறுத்தினார்.

"இத அவிச்சுப்புட்டியே புள்ள. இது இனி தேயிலையாகாது."

நான் அவருக்கு நொதியம் என்ற சொல்லைச் சொன்னேன். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு இரண்டாவது தட்டைக் காட்டி, "இன்னும் கொஞ்ச நேரம் விடு, பச்ச வாட போவல" என்றார்.